அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருமா?

பெண் பார்க்க வருகிறவர்கள் நகை, படிப்பு, நட்சத்திரம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க குடும்பத்துல யாருக்காவது... அந்த மாதிரி ஏதாச்சும்?" 'அந்த மாதிரி' என்றால் எந்த மாதிரி என்று அவர்களும் விளக்க மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம். சர்க்கரை வியாதியைப் பற்றிக் கேட்கும்போது யாருக்கும் குரல் தாழ்வதில்லை. மனசு சம்பந்தப்பட்ட வியாதி என்றால்தான் இந்த ரகசியக் குரல்.

எங்கள் ஜமுனாமரத்தூரில் இதற்கு இரண்டு விதமான பதில் வழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, "சாமி குத்தம், பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்பது. இன்னொன்று, "அது ரத்தத்துலயே ஓடுது, தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் வந்தே தீரும்" என்பது. முதல் பதிலால் வைத்தியம் தாமதமாகிறது. இரண்டாவது பதிலால் ஒரு தப்பும் செய்யாத பெண்ணின் கல்யாணம் நின்றுபோகிறது. இந்த இரண்டாவது பதிலில் எத்தனை உண்மை, எத்தனை பயம் என்று தெரிந்துகொள்ள நான் அலையாத இடமில்லை. காரணம், கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

என் நாத்தனாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, 'பைபோலார்' என்ற மனநோய் இருக்கிறது. தமிழில் இருதுருவ மனநோய் என்கிறார்கள். முன்பெல்லாம் டாக்டர்கள் 'மேனிக் டிப்ரெஷன்' என்று எழுதுவார்கள். ஒரு துருவம் மன எழுச்சி, மறு துருவம் மனச்சோர்வு. நம் எல்லோருக்கும்தான் ஒருநாள் சந்தோஷம், ஒருநாள் எரிச்சல். அது வியாதி இல்லை. இந்த நோயில் ஒரு எழுச்சி வந்தால் ஒரு வாரமோ அதற்கு மேலோ இறங்காது. சோர்வு வந்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாது, சிலருக்கு மாதக்கணக்கில்கூட நிற்கும். நடுவில் நோயாளி முழுக்க முழுக்கச் சாதாரணமாக இருப்பார். அப்போது பார்க்கிறவர்கள், "இந்தம்மாவுக்கா?" என்று நம்ப மாட்டார்கள்.

அண்ணிக்கு முதல் தடவை வந்தது 1999-இல், பெண் குழந்தை பிறந்து பத்தாம் நாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தாலும், விடியும்போது களைப்பே இல்லாமல் எழுந்து வீடு முழுவதும் மெழுகுவார். பேச்சு அருவி மாதிரி கொட்டும். ஒன்று பேசி முடிப்பதற்குள் வேறொன்றுக்குத் தாவிவிடும். "பிரசவ ஜன்னி" என்றார்கள் பெரியவர்கள். சாமி வந்திருக்கிறது என்று சிலர் கும்பிடக்கூட வந்தார்கள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். ஒரு மாதத்தில் தானாகவே தணிந்தது. தணிந்ததும் பூசாரிக்குத்தான் பேர் வந்தது. அடுத்த ஆடியில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், நாலு மாதம் குழந்தையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படியே எட்டு வருஷம் போனது. இதில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நடுவில் ஒரு முறை, அண்ணி சோர்ந்து படுத்திருந்த காலத்தில், மலைக்குக் கீழே ஒரு ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் சோர்வை மட்டும் பார்த்துச் சோர்வுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தார். பாடிய கதையை அவரும் கேட்கவில்லை, கூடப் போனவர்களும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் அண்ணி எழுந்தார், எழுந்தவர் நிற்கவில்லை. வீட்டில் மூட்டை கட்டி வைத்திருந்த புளியை எல்லாம் வந்த விலைக்கு விற்று, தெருவில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் சேலை வாங்கி வந்துவிட்டார்! இருதுருவ நோய் உள்ளவர்களுக்குச் சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் இப்படி மறுபக்கம் தூக்கி எறிவதும் உண்டாம். 2007-இல்தான் சரியான டாக்டரிடம் போய் லித்தியம் ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் இரண்டே முறைதான் லேசாகத் தலை காட்டியது.

அந்தப் பத்து நாள் குழந்தை வளர்ந்து, நர்சிங் டிப்ளமா முடித்து, 25 வயதுப் பெண்ணாக ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். "அத்தை, உண்மையைச் சொல்லு. எனக்கும் வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை அண்ணியை டாக்டரிடம் அழைத்துப் போனபோது அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணியை வெளியில் உட்கார வைத்துவிட்டு இதைக் கேட்கலாம் என்றிருந்தேன். அண்ணியே, "நானும் இருக்கிறேன், எனக்கும் தெரியட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நூற்றுக்கு எத்தனை?

டாக்டர் முதலில் கணக்கில் ஆரம்பித்தார். 2015-16-இல் நம் நாட்டில் தேசிய மனநல ஆய்வு ஒன்று நடந்தது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அதன்படி, வாழ்நாளில் எப்போதாவது இருதுருவ நோய் வந்தவர்கள், வயது வந்தவர்களில் சுமார் இருநூறு பேருக்கு ஒருவர். இது பொதுவான கணக்கு. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர் வரை வரலாம் என்பது உலகத்தில் பல இடங்களில் பார்த்த கணக்கு.

"ஆக, மத்தவங்களைவிட உனக்குப் பல மடங்கு அதிகம். அது நிஜம்தான். ஆனா நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு வராதுங்கிறதும் அதே கணக்குத்தானே?" என்றார்.

தொண்ணூறு என்ற எண்ணைக் கேட்டதும் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக அவர் மனசில் நூறு என்றே இருந்திருக்கிறது.

பிறகு இரட்டைப் பிள்ளைகளின் கதையைச் சொன்னார். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு மாறாத இரட்டையர்களுக்குப் பரம்பரைச் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றேதான். நோய் முழுக்க முழுக்க ரத்தத்தில் எழுதி வைத்ததாக இருந்தால், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தவறாமல் வர வேண்டும் அல்லவா? அப்படி வருவதில்லை. பாதிப் பேரை ஒட்டித்தான் வருகிறது. வெவ்வேறு கருவில் உண்டான இரட்டையர்களில் அது இன்னும் குறைவு. பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அது மட்டுமே எல்லாம் இல்லை என்று இதிலிருந்தே தெரிகிறது.

ஜீன் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 23 ஜோடி குரோமோசோம்கள். ஜோடியில் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. அவற்றில் சுமார் 20,000 ஜீன்கள். எல்லாமே நான்கே எழுத்தில் எழுதியவை. மொத்தம் 300 கோடி எழுத்து. உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று போலத்தான் வித்தியாசம். அந்த ஒன்றில்தான் நிறம், உயரம், சுருட்டை முடி, இந்த மாதிரி நோய்களுக்கான சாய்வு எல்லாம் ஒளிந்திருக்கிறது.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். எங்கள் மலையில் பெண்கள் விறகு வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குச்சியால் யாருக்கும் கழுத்து வலிக்காது. ஐம்பது, நூறு என்று சேரும்போதுதான் சுமை. இந்த நோய்க்கான ஜீன் வேறுபாடுகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு குச்சி. நம் எல்லோர் தலையிலும் கொஞ்சம் குச்சிகள் இருக்கின்றன, பெண் பார்க்க வந்து குரலைத் தாழ்த்துகிற அம்மாளின் தலையிலும்தான்! அம்மாவின் கட்டிலிருந்து பாதி, அப்பாவின் கட்டிலிருந்து பாதி என்று பிள்ளைக்கு வருகிறது. எந்தப் பாதி வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்த நான்கு பேரில் ஒருவருக்கு நோய் வந்து, மூன்று பேர் சுகமாக இருக்கிறார்கள்.

சுமை மட்டும் போதாது, பாதையும் இருக்கிறது. சமதரையில் சுமக்கிற கட்டை ஏற்றத்தில் சுமக்க முடியாது. ராத்தூக்கம் கெடுவது, பிரசவம், பெரிய துக்கம், குடி, கஞ்சா இவையெல்லாம் ஏற்றம். நேரத்துக்குத் தூக்கம், மாத்திரை, வீட்டார் அனுசரணை இவையெல்லாம் தலையில் வைக்கிற சும்மாடு.

அந்த ஒரு ஜீனைத் தேடிய கதை

இந்த விஷயம் விஞ்ஞானிகளுக்கே சுலபத்தில் புரிபடவில்லை. ஒரே ஒரு ஜீன்தான் காரணமாக இருக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆமிஷ் என்றொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். மோட்டார் கார் ஓட்டுவதில்லை, குதிரை வண்டிதான். தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறவர்கள். வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களிடையே ஜானிஸ் எகெலாண்ட் என்ற பெண்மணி பல வருஷம் பழகி, நோய் உள்ள ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தார். 1987-இல், 11-ஆவது குரோமோசோமில் இதற்கான இடம் அகப்பட்டுவிட்டது என்று அவரும் கூட்டாளிகளும் 'நேச்சர்' என்ற பெரிய விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்கள். உலகமே கொண்டாடியது.

இரண்டு வருஷம் ஆவதற்குள், அதே குடும்பத்தில் அதுவரை நன்றாக இருந்த இரண்டு பேருக்கு நோய் வந்துவிட்டது. அவர்களிடம் அந்த அடையாளம் இல்லை! குடும்பத்தின் இன்னொரு கிளையையும் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு அடியோடு தகர்ந்தது. 1989-இல் அதே பத்திரிகையில், முன்பு சொன்னது நிற்கவில்லை என்று எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான். எத்தனை பேர் இப்படிப் பகிரங்கமாகச் சொல்வார்கள்?

பிறகு வழி மாறியது. ஒரு குடும்பத்தை விட்டு, லட்சக்கணக்கான பேரை ஒப்பிட ஆரம்பித்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க அத்தனை பெரிய கண்ணாடி வேண்டியிருக்கிறது. அதே மாதிரி, குச்சி அளவு ஜீன் வேறுபாட்டைப் பார்க்க அத்தனை பெரிய கூட்டம் வேண்டும். 2025 ஜனவரியில் வந்த ஆராய்ச்சியில் நோயுள்ளவர்கள் 1,58,036 பேர், நோயில்லாதவர்கள் சுமார் 28 லட்சம் பேர். இவர்களை ஒப்பிட்டு, 298 இடங்களில் வேறுபாடு இருப்பதாகக் கண்டார்கள். அவற்றிலும் 36 ஜீன்களின்மேல்தான் சந்தேகம் பலமாக விழுகிறது. இனியும் எத்தனையோ குச்சிகள் அகப்படாமல் கிடக்கின்றன.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தார். கிழக்கு ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர், லத்தீன் அமெரிக்க வம்சத்தாரும் சேர்ந்திருந்தார்கள். நம்மவர்களைத் தனிப் பிரிவாகப் பார்க்கவில்லை. நம் பக்கத்துக் கணக்கை நாம்தான் போட வேண்டும். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் அந்த வேலை நடக்கிறது. பல பேருக்கு மனநோய் உள்ள குடும்பங்களை அவர்களின் சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டு, ரத்தம் எடுத்து, வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிறார்கள். அந்த ரத்த செல்லிலிருந்து ஸ்டெம் செல் தயாரித்து, அதை ஆய்வுக்கூடத்தில் மூளை செல்லாக வளர்த்துக்கூடப் பார்க்கிறார்களாம். கேட்கவே மாயாஜாலம் போல இருக்கிறது. அவர்கள் எட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டதில் ஒரு தகவல் என் மனசில் பதிந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் அபூர்வமான ஜீன் மாற்றங்கள் சில இருந்தன. ஆனால் ஒரு குடும்பத்தில் இருந்தது இன்னொரு குடும்பத்தில் இல்லை. வீட்டுக்கு வீடு கட்டு வேறு.

"அப்படின்னா டாக்டர், என் ரத்தத்தை எடுத்து வருமா வராதான்னு பார்த்துச் சொல்லிட முடியுமா?" என்று பெண் கேட்டாள். முடியாது. இன்றைய தேதிக்கு அப்படிப்பட்ட பரிசோதனை இல்லை. எச்சிலை அனுப்பினால் எதிர்காலத்தைச் சொல்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால், கிளி ஜோசியக்காரனுக்குக் கொடுங்கள், கிளியாவது சாப்பிடும்.

மறைக்கிற விஷயமே மருந்து

பரம்பரையைத் தெரிந்துகொள்வதால் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. லித்தியம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சிலருக்கு அமிர்தம், சிலருக்குப் பச்சைத் தண்ணீர். ஒருவருக்கு நன்றாகக் கேட்டிருந்தால், அதே குடும்பத்தில் நோய் வருகிற இன்னொருவருக்கும் கேட்க வாய்ப்பு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே ஊரிடம் மறைக்கிற அதே விஷயம்தான் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம். தாய்க்கு என்ன நோய், எந்த மாத்திரை கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், மகள் ஒருநாள் வெறும் சோர்வு என்று டாக்டரிடம் போய் நின்றாலும் அவர் ஜாக்கிரதையாக மருந்து எழுதுவார். அண்ணிக்கு நேர்ந்த புளி மூட்டைக் கூத்து அவளுக்கு நேராது.

லித்தியத்தின் கதையும் விசித்திரமானது. அது ஒரு உப்பு. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், இரண்டாம் உலக யுத்தத்தில் சிங்கப்பூர் சாங்கி சிறையில் மூன்றரை வருஷம் யுத்தக் கைதியாக இருந்துவிட்டு வந்தவர். மனநோய்க்குக் காரணம் உடம்பில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, கினிப் பன்றிகளுக்கு எதையெதையோ ஊசி போட்டுப் பார்த்தார். லித்தியம் போட்டதும் அவை சாந்தமாகிவிட்டன. முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு எழுச்சி நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்து, 1949-இல் எழுதினார். அவருடைய முதல் நோயாளி அற்புதமாகத் தேறினார். ஆனால் மறு வருஷமே லித்தியம் உடம்பில் மிதமிஞ்சி ஏறி இறந்துபோனார். அளவு பார்த்துக் கொடுக்கிற முறை அப்போது வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது. ஆகவே லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், நாம் கவனிக்க வேண்டியது சமையலறையில்தான் அதிகம். உப்பைத் திடீரென்று குறைக்கவோ கூட்டவோ கூடாது. "பி.பி. இருக்கு, இன்னையிலேர்ந்து உப்பில்லாத சாப்பாடு" என்று நாமாகவே முடிவெடுக்கக் கூடாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். பேதியோ வாந்தியோ கண்டால், உடம்பில் நீர் வற்றி லித்தியம் ஏறிவிடும். கை வழக்கத்துக்கு மேல் நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, தூங்கித் தூங்கி விழுவது எல்லாம் அதன் அடையாளம். அப்போது மாத்திரையைப் பற்றி உடனே டாக்டரிடம் கேட்டாக வேண்டும், தாமதிக்கக் கூடாது. ஒரு கோடையில் அண்ணிக்குப் பேதி கண்டு, டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. இரவோடிரவாகக் கீழே கொண்டுபோனோம். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்குகிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் கணக்குத் தப்பாக வரும்.

மலையிலிருந்து இறங்கி இதற்கெல்லாம் போவது லேசில்லை, பஸ்ஸை நம்பி ஒரு நாள் போய்விடும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனை 1957-லிருந்து இருக்கிறது. இறங்க முடியாத நேரத்தில், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 'டெலி மானஸ்' என்ற அந்த மத்திய அரசுத் திட்டம் 2022 அக்டோபரில் ஆரம்பமானது. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வாயிலிருந்து வந்தால், அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், தனியாக விடாதீர்கள்.

கல்யாணப் பேச்சு

என் மாமியார் ஒரு யோசனை சொன்னார். "வெளியில சொல்லி எதுக்கு அவமானம்? உன் பையனுக்கே கட்டிடலாம். முறைப்பொண்ணுதானே? வீட்டு விஷயம் வீட்டோட போவும்." தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வே சொல்கிறது. ஆகவே அவர் சொன்னது ஊரில் இல்லாத வழக்கமில்லை. எனக்கும் அந்தப் பெண் என்றால் உயிர். ஆனாலும் டாக்டரிடம் கேட்டேன். தலசீமியா மாதிரி ஒற்றை ஜீனால் வருகிற சில நோய்களுக்குத்தான் சொந்தக் கல்யாணம் நேரடியான ஆபத்து. இந்த நோய்க்கு அப்படி நேர்க்கணக்கு கிடையாது. ஆனால் என் பையனும் அதே வம்சத்துக் கட்டிலிருந்து கொஞ்சம் குச்சி எடுத்து வந்தவன்தானே? ஒரே கட்டிலிருந்து இரண்டு பக்கமாகவும் எடுத்துப் பேரப்பிள்ளை தலையில் வைப்பானேன் என்று தோன்றியது. பிள்ளைகள் இருவரும் எங்களுக்கு வேலை வைக்கவில்லை. "அண்ணன் தங்கை மாதிரி வளர்ந்துட்டு இது என்ன பேச்சு?" என்று சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

வந்த முதல் வரனிடம் விஷயத்தைச் சொன்னோம். ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமியார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அடுத்த வரனிடமும் சொன்னோம். நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே அவர்களுக்கு ஊர் மூலம் தெரிந்திருக்கிறது! பையனுடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மறைப்பீங்களோன்னுதான் பார்த்தேன். எங்க வீட்டுக்காரருக்கு நாப்பது வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு. அதையும் நீங்க கேட்டுக்கங்க" என்றார். கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. அண்ணிதான் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார். சட்டத்தில்கூட, மணமக்களின் சொந்த மனநிலையைப் பற்றித்தான் பேச்சு இருக்கிறதே தவிர, பெற்றோரின் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். அவளுக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் தாய்க்குப் பிரசவத்தோடு வந்த நோய் ஆகையால், இவளுக்கும் பிரசவத்துக்குப் பிந்திய முதல் சில வாரங்களில் கவனம் வேண்டும் என்றார் டாக்டர். பொதுவாக ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் அந்தக் கடுமையான 'ஜன்னி' வரும். இருதுருவ நோய் உள்ள பெண்களுக்கு அது ஐந்தில் ஒருவருக்குக்கூட வரலாம். நோயுள்ள பெண் கருத்தரிக்க நினைத்தால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முக்கியமாக 'வால்புரோயேட்' என்ற மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஊனத்தையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கக் கூடியது. அதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது, நோய் திரும்பிவிடும். டாக்டர் மாற்றிக் கொடுப்பார். பிரசவத்துக்குப் பின் நோய் கண்டுவிட்டாலும் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒரே வார்டில் வைத்து வைத்தியம் செய்கிற பிரிவு, நிம்ஹான்ஸில் 2009-லிருந்து இருக்கிறது. 1999-இல் அண்ணியிடமிருந்து குழந்தையைப் பிடுங்கி வேறு வீட்டில் வைத்திருந்தோம்.

பிரசவத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். குழந்தை பிறந்த வீட்டில் தாயின் தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பகலில் பார்க்க வருகிறவர்கள் கூட்டம், ராத்திரி குழந்தை. அதனால் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் சாயந்திரம் ஒரு மணி நேரம்தான். ராத்திரி பால் கொடுத்ததும் குழந்தையை அவளிடமிருந்து நான் வாங்கிக்கொள்வேன், ஏப்பம் விட வைப்பதும் துணி மாற்றுவதும் என் பொறுப்பு. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூக்கமில்லாமலும் களைப்பில்லாமலும் இருந்தாலோ, பேச்சு வேகம் பிடித்தாலோ, டாக்டருக்குப் போன் செய்ய வேண்டியது அவள் வீட்டுக்காரன்.

அண்ணிக்கு இதில் வருத்தம். பேரப்பிள்ளையை ராத்திரியில் தாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. ராத்தூக்கம் கெட்டால் அவருக்கே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கு நான் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட வேண்டும், குளிப்பாட்டுவது அவர்தான், அதில் நான் தலையிடக் கூடாது என்று பேசி முடித்திருக்கிறோம்.